பழப்பாணி பூசிச் சுட்ட காடை: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது

காடை சின்னப் பறவை. துப்புரவாக்கி எடுத்தால் ஒன்று 130 முதல் 180 கிராம்தான் நிற்கும். நல்ல சூடான ஓவனில் 15 முதல் 20 நிமிடத்துக்குள் வெந்துவிடும். இந்தக் குறுகிய நேரத்தில் தோல் தானாகச் சிவந்து வராது. சிவக்கட்டும் என்று விட்டுவைத்தால் நெஞ்சிறைச்சி காய்ந்துபோகும். பழப்பாணி கைகொடுக்கும் இடம் இதுதான். பழச்சாற்றைச் சீனியோடு வற்றக் காய்ச்சிப் பூசினால், அதிலுள்ள இனிப்பு தோலைவிட வேகமாக நிறம் பிடித்து, பறவை வேகும் அதே நேரத்தில் பளபளப்பையும் தந்துவிடும். ஆனால் அதே இனிப்பு கருகுவதிலும் முந்திக்கொள்ளும். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை பாணியைப் பூசிய நேரம் தவறியதால் வருபவை. மற்றவற்றில் பல ஈரத்தால் வருபவை. கடலும் குடாக்களும் சூழ்ந்த திருகோணமலையில் ஈரத்துக்கென்று தனிக் கணக்கே வைக்க வேண்டும்.

பிழைகளுக்குப் போகுமுன், சரியாக வந்தால் எப்படிப் போகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு காடை, சுமார் 600 கிராம். முதல் நாள் இரவே ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான தூளுப்பை உள்ளும் புறமும் தடவி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடாமல் வையுங்கள். அடுத்த நாள் தோல் தொட்டால் காகிதம் போலக் காய்ந்திருக்க வேண்டும். மெல்லியதாக எண்ணெய் தடவி, கால்களை நூலால் கட்டி, 220 பாகை செல்சியஸுக்குச் சூடேறிய ஓவனில் கம்பித் தட்டின் மேல் வைத்து, முதல் 10 நிமிடம் பாணி எதுவும் இல்லாமல் சுடுங்கள். பிறகு ஒரு மெல்லிய பூச்சு, மூன்று நிமிடம். இன்னொரு பூச்சு, இன்னொரு மூன்று நிமிடம். நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையிலும் வெப்பமானி 74 பாகை காட்டினால் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பாணிக்கு: 250 மில்லி பழச்சாறு, 50 கிராம் சீனி அல்லது பனங்கட்டி, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச்சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இடித்த மிளகு. எல்லாம் சேர்ந்து 100 மில்லி அளவுக்கு வற்ற வேண்டும்.

ஒரே அளவு உப்பு போட்டும் ஒருமுறை கரிக்கிறது, இன்னொருமுறை சப்பென்று இருக்கிறது என்றால் கரண்டிக் கணக்கைப் பாருங்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பும் பொட்டலத்துத் தூளுப்பும் ஒரு கரண்டிக்கு ஒரே நிறை வராது. தராசு இருந்தால் இறைச்சியின் நிறையில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு என்று எடுங்கள். எந்த உப்பானாலும் பிழைக்காது.

காடை என்று நான் சொல்வது பண்ணையில் வளர்த்த காடையைத்தான். காட்டில் வலை வைத்துப் பிடித்த காடையையோ கௌதாரியையோ யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். காட்டுக்கோழி இந்த நாட்டின் தேசியப் பறவை, அது சட்டிக்கு உரியதே அல்ல. பண்ணைக் காடை கிடைக்காத வாரத்தில் 500 முதல் 700 கிராம் வரையான சின்னக் கோழியை எடுங்கள். அதற்கு 200 பாகையில் 40 முதல் 50 நிமிடம் போகும். பாணி கடைசி 10, 12 நிமிடத்தில் மட்டும்.

மேலே கருகிவிட்டது, உள்ளே இன்னும் வேகவில்லை

அடிக்கடி நடப்பது இதுதான். பாணியைத் தொடக்கத்திலேயே பூசி ஓவனுக்குள் தள்ளினால் வேறு விதமாக வர வழியே இல்லை. பழத்திலும் தேனிலும் உள்ள புரக்டோஸ் 110 பாகை அளவிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். சாதாரணச் சீனிக்கு அது 160 பாகையை ஒட்டி நடக்கும். ஓவனோ 220 பாகையில் இருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் பாணியிலுள்ள தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. தண்ணீர் போனதும் நிறம் பொன்னாகி, செம்பாகி, கறுப்பாகப் போவதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். தேனை அதிகம் சேர்த்த பாணி இன்னும் விரைவாகக் கருகும்.

கருகத் தொடங்கியதைப் பார்த்துவிட்டால், தட்டை வெளியே எடுத்து, பறவையின் மேல் பொயில் தாளைத் தளர்வாக மூடி, சூட்டை 160 பாகைக்கு இறக்கி, உள்ளே 74 பாகை வரும்வரை தொடருங்கள். வெந்த பிறகு கறுத்த இடங்களைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து ஒரு புதிய மெல்லிய பூச்சுக் கொடுத்து இரண்டு நிமிடம் மட்டும் திரும்ப வையுங்கள். தோலெல்லாம் கரியாகிவிட்டிருந்தால் அதை உரித்து எடுத்துவிடுவதுதான் சரி. கருகிய சீனியின் கைப்பு மேலே எதைப் பூசினாலும் மறையாது.

பாணியைக் கடைசியில்தான் பூசினேன், ஆனாலும் இப்படித்தான் வந்தது என்கிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, தட்டு மேல்கம்பிக்கு மிக நெருக்கமாக இருந்திருக்கும். மேசை மேல் வைக்கும் சிறிய ஓவன்களில் மேல்கம்பிக்கும் பறவையின் நெஞ்சுக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளிகூட இருக்காது. தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். மற்றது, பறவை உள்ளே உறைந்திருந்திருக்கும். உறைந்த பொட்டலத்தில் வந்த காடையை முதல் நாளே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விட வேண்டும். வெளியே மேசையில் வைத்து இளக்குவது எங்கள் சூட்டுக்கு ஆகாது. 32 பாகைக்கு மேல் போகும் பகலில் பச்சை இறைச்சியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. வயிற்றுக் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பனிக்கட்டி தட்டுப்பட்டால் இன்னும் சுடத் தொடங்கும் நேரம் வரவில்லை.

கால் நுனியும் சிறகு நுனியும் மட்டும் கருகினால் அது பெரிய விஷயமில்லை. சிறகை முதுகுக்குப் பின்னால் மடக்கிச் செருகி, கால் நுனிகளில் சின்னப் பொயில் துண்டைச் சுற்றிவிடுங்கள்.

கருகவும் இல்லை, நிறமும் வரவில்லை

வெளிறிப்போன காடை பார்க்கவே மனத்தைக் கெடுக்கும். முதல் காரணம் ஈரத் தோல். தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போகும்வரை தோலின் சூடு 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி சிவப்பதற்கோ 140 பாகையாவது வேண்டும். ஆகவே கழுவிய காடையை அப்படியே ஓவனில் வைத்தால், கிடைக்கிற 15 நிமிடத்தில் பாதி வெறும் தண்ணீரை உலர்த்துவதிலேயே போய்விடும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி சிங்க் முழுவதும் தெறிக்கும் என்பதால், கழுவாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. மஞ்சள் போட்டுக் கழுவாமல் மனம் கேட்காது என்றால், ஒரு சட்டிக்குள் வைத்துக் கழுவி, சுத்தமான துணியால் உள்ளும் புறமும் அழுத்தித் துடைத்து, பிறகு பிரிட்ஜில் உலர விடுங்கள்.

இரண்டாவது காரணம் மின்சாரம். மாலை ஆறு மணிக்குப் பிறகு எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஓடும்போது சில ஒழுங்கைகளில் வோல்டேஜ் இறங்கிவிடும். ஓவன் கம்பியின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். 230 வோல்ட்டுக்குச் செய்த ஓவனுக்கு 200 வோல்ட் கிடைத்தால் கம்பி தரும் சூடு கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்துவிடும். திருகியில் 220 என்று இருந்தாலும் உள்ளே அந்தச் சூடு வந்துசேர அதிக நேரமாகும், சில வேளை வராமலே போகும். கதவை ஒருதடவை திறந்து மூடினால் இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்க அது படும் பாடு பெரிது. ஓவனுக்குள் தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். திருகியை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல். விருந்து இரவானால், மதியமே வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது பாணியைக் காய்ச்சி முடித்துவிட்டு, ஓவனை 20 நிமிடம் முன்கூட்டியே போட்டு, பாணி பூசும்போது தட்டை வெளியே எடுத்துக் கதவை உடனே மூடிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஓவன் சூடு ஏறவில்லை என்றால் தாச்சிக்குப் போங்கள். அடிப்பாகம் தடித்த தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு நன்றாகக் காய்ந்ததும், காடையை ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் வைத்துத் திருப்பி நிறம் எடுத்துவிட்டு, பிறகு ஓவனில் எட்டு, பத்து நிமிடம் சுட்டால் போதும். வோல்டேஜ் நம்ப முடியாத வீட்டில் நான் இதையே முதல் வழியாகச் சொல்வேன்.

தட்டில் பறவைகள் தோளோடு தோள் முட்டி நின்றாலும் நிறம் வராது. ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி வேண்டும். ஆறு காடைக்கு இடமில்லாத ஓவனில் ஆறையும் அடைக்காமல் மூன்று மூன்றாகச் சுடுங்கள்.

பாணி ஒட்டவில்லை, எல்லாம் தட்டில் ஓடிவிட்டது

பாணி தண்ணீராக இருக்கிறது, அல்லது தோலில் எண்ணெய் கூடிவிட்டது. இரண்டையும் பிரித்து அறிய எளிய வழி உண்டு. பிரிட்ஜில் வைத்த ஒரு சின்னத் தட்டில் ஒரு சொட்டுப் பாணியை விட்டுச் சரித்துப் பாருங்கள். தண்ணீர் போல் ஓடினால் இன்னும் வற்ற வேண்டும். மெதுவாக, யோசித்து யோசித்து நகர்ந்தால் பதம் சரி. அசையாமல் நின்றால் அது ஜாமாகிவிட்டது. ஒரு கரண்டி சுடுதண்ணீர் சேர்த்து இளக்குங்கள். வெப்பமானி உள்ளவர்களுக்கு 103 பாகை நல்ல இடம். ஜாம் உறைவது 105 பாகை அளவில். திருகோணமலை கடல் மட்டத்தில் இருப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். நுவரெலியாவில் தண்ணீரே சுமார் 94 பாகையில் கொதித்துவிடும், அங்கே உள்ள உறவினருக்கு இந்த எண்ணைச் சொல்லி அனுப்பினால் பாணி கல்லாகிவிடும்.

எந்தப் பழம் என்பதும் முக்கியம். மாம்பழத்தில் கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. வாசமும் இனிப்பும் அதிகம், சீனியைப் பாதியாகக் குறைக்கலாம். ஆனால் மாம்பழக் கூழைச் சாறு போல் எண்ணி நெடுநேரம் காய்ச்சக் கூடாது. கூழ் அடியில் பிடிக்கும், நார் பிரஷில் சிக்கும். அரைத்து, வடிகட்டி, பாதியளவு தண்ணீர் கலந்து மெல்லிய தீயில் வற்ற வையுங்கள். அன்னாசிச் சாறும் தோடம்பழச் சாறும் தெளிவான, மெல்லிய பாணி தரும். அவற்றில் கெட்டிப்படுத்தும் பெக்டின் குறைவு என்பதால் வற்றுவதற்கு நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும்.

விளாம்பழத்தைப் பலர் இதற்கு எண்ணிப் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. புளிப்பும் அந்தப் பழத்துக்கே உரிய கனத்த வாசமும் காடையின் அடர்ந்த இறைச்சிக்கு மாம்பழத்தைவிட நன்றாகப் பொருந்தும். பெக்டின் நிறைய இருப்பதால் பாணி விரைவாகவே கெட்டிப்படும். சுடுதண்ணீரில் கரைத்து, விதையும் நாரும் போக வடித்து, பனங்கட்டி சேர்த்துப் பத்து நிமிடம் கொதித்தால் போதும். ஒரு எச்சரிக்கை: விளாம்பழப் பாணி தொடக்கத்திலேயே கபில நிறம். கருகுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சோளமா கரைத்து ஊற்றிப் பாணியைக் கெட்டியாக்குவது எனக்கு உடன்பாடில்லை. புளிப்போடு சேர்ந்து நெடுநேரம் கொதித்தால் மாவின் பிடி தளர்ந்து திரும்பவும் நீர்த்துப்போகும். ஓவனில் காய்ந்தால் பளபளப்பு போய் மங்கலான படலமாகிவிடும். நேரமில்லை என்றால் தீயைக் கூட்டி, வாய் அகன்ற தாச்சியில் வற்ற வையுங்கள். ஆழமான சட்டியில் இருபது நிமிடம் எடுப்பது அகன்ற தாச்சியில் பாதி நேரத்தில் முடியும்.

பதம் சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால், முதல் பூச்சுக்கு முன் தோலில் திரண்ட கொழுப்பை ஒரு துண்டுத் தாளால் ஒற்றி எடுங்கள். பூச்சும் மெல்லியதாக இருக்கட்டும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் அது தன் பாரத்திலேயே வழிந்துவிடும்.

ஓவனிலிருந்து எடுக்கும்போது நன்றாக இருந்தது, மேசைக்கு வருவதற்குள் பிசுபிசுத்துத் தோல் நமுத்துவிட்டது

ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை வாடைக்காற்றும் மழையும் இருக்கும்போது இது கட்டாயம் நடக்கும். நத்தார் விருந்தும் சரியாக அந்த நேரத்தில்தான் வருகிறது. இனிப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தேனும் பழச்சீனியும் சாதாரணச் சீனியைவிட அதிகமாக இழுக்கும். அதனால் பாணிக்குத் தேன் சேர்ப்பவர்கள் மழை மாதங்களில் அதைக் குறைத்துச் சீனியைக் கூட்டுங்கள், இரண்டாவது பூச்சை இன்னும் மெல்லியதாக்குங்கள், கடைசி ஒன்றிரண்டு நிமிடம் மேல்கம்பிச் சூட்டில் பக்கத்திலேயே நின்று காய விடுங்கள்.

வெளியே எடுத்த பறவையைப் பொயில் தாளால் இறுக்கி மூடுவதுதான் மிகப் பெரிய கேடு. உள்ளிருந்து வரும் ஆவி தாளில் பட்டுத் திரும்பத் தோலிலேயே விழும். காடைக்கு ஐந்து நிமிட ஓய்வு போதும், அந்த ஐந்து நிமிடமும் திறந்தபடி கம்பித் தட்டின் மேலேயே இருக்கட்டும். தட்டையான தட்டில் வைத்தால் அடிப்பக்கம் ஊறிவிடும். விருந்தாளி வர நேரமாகிறது என்றால், பாணி பூசாத நிலையில் 10 நிமிடம் சுட்ட பறவையை அப்படியே வைத்துக் காத்திருக்க நினைக்காதீர்கள். அரைகுறை வெந்த கோழி இனத்தை ஆற வைத்துத் திரும்பச் சுடுவது ஆபத்து. உப்பிட்டு உலர்த்தி, பாணியைக் காய்ச்சித் தயாராக வைத்துக்கொண்டு, அவர்கள் வாசலுக்கு வந்தபிறகு சுடத் தொடங்குங்கள். மொத்தமே 20 நிமிட வேலைதானே.

கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான நாட்களில் இந்தத் தொல்லை குறைவு. காற்றே காய்ந்திருக்கும், பாணியும் நன்றாக இறுகும்.

நெஞ்சிறைச்சி காய்ந்து நார் நாராகிவிட்டது

அளவுக்கு மேல் வெந்துவிட்டது, அவ்வளவுதான். காடையில் கொழுப்பு குறைவு, இரண்டு நிமிடப் பிந்தலும் தெரியும். வெப்பமானியை நெஞ்சுக்குப் பக்கவாட்டில், எலும்பில் முட்டாமல் செலுத்த வேண்டும். எலும்பில் பட்டால் பொய்க் கணக்குக் காட்டும். 72 பாகை வரும்போதே வெளியே எடுத்தால் ஓய்விலேயே 74 பாகைக்கு வந்துசேரும், ஆனால் வந்துசேர்ந்ததா என்று திரும்பவும் குத்திப் பார்த்த பிறகே பரிமாறுங்கள்.

முதல் நாள் உப்பிட்டவர்களுக்கு இந்தப் பிழை பாதியாகக் குறையும், உப்பு இறைச்சியின் சாற்றைப் பிடித்து வைக்கும். நேரமில்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் 50 கிராம் உப்புக் கரைத்து, பிரிட்ஜில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, எடுத்து நன்றாகத் துடையுங்கள். அதற்கு மேல் ஊறினால் கரிக்கும்.

இன்னொரு வழி, முதுகெலும்பைக் கத்தரிக்கோலால் இரு பக்கமும் வெட்டி எடுத்துப் பறவையை விரித்து அமர்த்துவது. நெஞ்சும் தொடையும் ஒரே மட்டத்துக்கு வந்து 12 முதல் 15 நிமிடத்தில் ஒன்றாக வேகும். முழுப் பறவையாகப் பரிமாறும் அழகு போய்விடும், ஆனால் சாப்பிடுவதற்கு இதுதான் வசதி. காய்ந்துபோனதை ஈரமாக்க முடியாது. எலும்பிலிருந்து பிய்த்து, மிச்சப் பாணியில் ஒரு கரண்டியும் தேசிக்காயும் விட்டுப் பிரட்டிப் பாணோடு கொடுங்கள்.

எலும்பருகில் சிவப்பு

பதறி மீண்டும் ஓவனில் வைக்காதீர்கள், முதலில் வெப்பமானியை வையுங்கள். இளம் பறவையின் எலும்பு முற்றியிராது, எலும்புக்குள் இருக்கும் மச்சையின் நிறம் சுற்றியுள்ள இறைச்சிக்குக் கசியும். உறைந்து இளகிய பறவையில் அது இன்னும் கூடும். காடையின் நெஞ்சும் கோழி நெஞ்சு போல் வெள்ளையாக இருக்காது, இயல்பிலேயே கருஞ்சிவப்புச் சாயல். 74 பாகை வந்திருந்தால் சிவப்பு இருந்தாலும் வெந்துவிட்டது. வரவில்லை என்றால் சாறு தெளிவாக இருந்தாலும் வேகவில்லை.

இறைச்சி குழைந்து மாவாகிவிட்டது

பச்சை அன்னாசிச் சாற்றிலோ பப்பாசிக்காயிலோ ஊற வைத்திருப்பீர்கள். அன்னாசியில் புரோமலெயின், பப்பாசிக்காயில் பப்பைன் என்ற நொதியங்கள் இறைச்சியின் புரதத்தை அறுத்துவிடும். முற்றிய ஆட்டுக்கு அது வரம், காடைக்கு அரை மணி நேரத்திலேயே அழிவு. பச்சை இஞ்சிச் சாற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. கொதிக்க வைத்தால் இந்த நொதியங்கள் செயலிழந்துவிடும், ஆகவே காய்ச்சிய அன்னாசிப் பாணியால் ஒரு கெடுதலும் இல்லை. தேசிக்காயில் இரண்டு மூன்று மணி நேரம் ஊற வைத்தாலும் மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்பு போலாகும். புளிப்பைப் பாணிக்குள் வையுங்கள், ஊற வைப்பதற்கு உப்பே போதும்.

பாணி கைக்கிறது

கருகல் இல்லாமலும் கைப்பு வரலாம். தேசிக்காய்த் தோலையும் விதையையும் சேர்த்துக் கொதிக்க வைத்திருக்கலாம். கொடித்தோடை விதையை மிக்சியில் அடித்திருக்கலாம், அதை அடிக்காமல் வடித்தே எடுக்க வேண்டும். உள்ளியைப் பாணியில் போட்டு வற்ற விட்டிருக்கலாம். வறுத்த கறித்தூளைத் தோலில் தடவுவதும் இந்த வகைதான். ஏற்கனவே வறுத்த தூள் 220 பாகையில் இன்னொருதடவை வறுபட்டால் கைக்காமல் என்ன செய்யும்? உறைப்பு வேண்டுமானால் செத்தல் மிளகாயை இடித்துப் பாணியில் கடைசி நிமிடத்தில் போடுங்கள்.

தித்திப்பு மட்டும் தெரிகிறது

உப்பும் புளியும் போதவில்லை. இரண்டு தேக்கரண்டி வினாகிரி, ஒரு சிட்டிகை உப்பு, மிளகு. தித்திப்பைக் குறைக்கத் தண்ணீர் சேர்க்காதீர்கள், பாணி ஓடிவிடும்.

மேசையில் வைக்கப் பாணி வேண்டுமென்றால், பூசத் தொடங்கும் முன்பே கொஞ்சம் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். வேகாத பறவையில் பட்ட பிரஷ் திரும்பத் திரும்பத் தோய்ந்த பாணியை அப்படியே பரிமாறக் கூடாது. வேறு இல்லை என்றால் இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே மேசைக்கு வரலாம்.

ஓவன் புகைகிறது

தட்டில் சொட்டிய பாணியும் கொழுப்பும் எரிகின்றன. கம்பித் தட்டின் கீழ்த் தட்டில் பொயில் தாள் விரித்து அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் ஆவி கூடி மேலே சொன்ன வெளிறல் வரும். தோல் கம்பியோடு உரிந்து வருவதும் பாணி பசையாவதால்தான். கம்பிக்கு எண்ணெய் தடவுங்கள், முதுகுப் பக்கத்துக்குப் பாணி பூசாதீர்கள்.

சிரட்டைக்கரியில் சுட்டால் ஒரு பக்கம் மட்டும் கறுக்கிறது

சிரட்டைக்கரி நன்றாகச் சூடு தரும், புகையின் வாசமும் காடைக்கு அருமையாக ஒட்டும். ஆனால் கரியை அடுப்பு முழுவதும் பரப்பாமல் ஒரு பாதியில் குவியுங்கள். வெறும் பாதியின் மேல் விரித்த காடையை வைத்து மூடி வேக விட்டு, வெந்த பிறகு பாணி பூசிக் கரியின் மேல் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் காட்டுங்கள். பாணி சொட்டி நெருப்பு எழும்பினால் பறவையை நகர்த்துங்கள், தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து பாணியில் ஒட்டும். கச்சான் வீசும் மாலையில் உப்புவெளிக் கடற்கரையில் அடுப்பு வைப்பவர்கள் காற்று வரும் பக்கத்தில் ஒரு தகரத்தைச் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் கரி சீறி ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

மிஞ்சியது அடுத்த நாள் கட்டியாகிவிட்டது

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள். அடுத்த நாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் தோல் றப்பர் போலாகும். இறைச்சியைப் பிய்த்து, தாச்சியில் பாணி இளகும் அளவுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, உள்ளே ஆவி பறக்கும்வரை பிரட்டுங்கள். கடைசியில் நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்தால் இடியப்பத்தோடு நன்றாகப் போகும்.